தட்டுக்கு ஊற்றிய எண்ணெய்

பிள்ளைகளே, போன கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்டும்போது நீங்கள் இரண்டு பேரும் ஒரே மூச்சில் கேட்டீர்கள், அத்தை ஏன் நம் வீட்டுக்கு வருவதே இல்லை என்று. உங்கள் அம்மா முந்திரி எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டாள். முந்திரி மேசை மேலேயே இருந்தது. நான், "அத்தைக்குப் பீன்யா கம்பெனியில் ஷிப்டு வேலை, லீவு கிடைக்காது" என்றேன். அது பொய். பண்டிகை நாளில் பொய் சொல்லிவிட்டு அதே வாயால் ஜெபமும் பண்ணினேன்.

உண்மையை எழுதி வைக்கிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டவன். தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னை நல்லவனாகத் திருத்திவிடாதீர்கள்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் நீங்கள் "அப்பா லேப்ல இருக்கார்" என்று சொல்வீர்கள். இருக்கிறேன், சரி. ஆனால் நான் அங்கே அட்டெண்டர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் தோல், நகம், முடி இவற்றில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கும் அறை எங்களுடையது. கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவேன், வேகவைப்பேன், அடுக்குவேன். கடற்பாசி போட்ட கஞ்சி ஒன்றைக் காய்ச்சி, மூடி போட்ட சின்னச் சின்னத் தட்டுகளில் ஊற்றி உறையவிடுவேன். நோயாளியிடம் சுரண்டி எடுத்த தோலை டெக்னீஷியன் அதில் தடவுவாள். மிதமான சூட்டில் வைத்தால் சில நாளில் பூஞ்சை முளைத்துவிடும்.

மற்றப் பூஞ்சைகளுக்கு அந்தக் கஞ்சியே போதும். தேமல் பூஞ்சைக்கு மட்டும் கஞ்சிக்கு மேலே ஒலிவ எண்ணெய் மெல்லிசாக ஊற்ற வேண்டும். ஊற்றினால் மூன்றாம் நாள் பாலாடை மாதிரி படர்ந்து வரும். ஊற்றாவிட்டால் தட்டு வெறுமனே கிடக்கும். ஒன்பது வருஷம் ஊற்றினேன். ஏன் ஊற்றுகிறோம் என்று ஒரு நாள் கூடக் கேட்டதில்லை. ரசத்துக்கு ஏன் கடுகு தாளிக்கிறோம் என்று யார் கேட்கிறார்கள்? அப்படித்தான்.

டெக்னீஷியன் பெண் வாயாடி. தினமும் ஒரே கேலி. "அண்ணா, உங்க கொழந்தைங்களுக்குத் தலைக்கு எண்ணெ வெச்சாச்சா?"

"வெச்சு, சீவி, பூவும் வெச்சாச்சு" என்பேன் நானும்.

எண்ணெய் பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் ஆனால் அது லேப்புக்கு ஆகாது என்று எங்கள் லேப் டாக்டர் மேடம் ஒதுக்கிவிடுவார். பாதி பாட்டில், சில சமயம் முக்கால் பாட்டில் மிச்சம் இருக்கும். கேட்டுக்கொண்டு வீட்டுக்கு எடுத்து வருவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் வீட்டில் நடக்கிற ஜெபக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டிலை நடுவில் வைத்து எல்லாரும் கை நீட்டி ஜெபிப்போம். பிறகு யாருக்கு எங்கே வலியோ அங்கே பூசுவோம். மற்றக் குழுக்களில் கடை எண்ணெய், நல்லெண்ணெய் என்று ஏதாவது வைப்பார்கள். எங்கள் குழுவில்தான் வேதத்தில் சொன்ன ஒலிவ எண்ணெய். அது என்னால் வருகிறது என்கிற பெருமை எனக்கு இருந்தது. தெருவில் பாதிப் பேருக்கு நான் டாக்டர் மாதிரி. காய்ச்சலா, சிரங்கா, என்னிடம் வந்து காட்டுவார்கள். நானும் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்வேன். தட்டு கழுவுகிறவன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

இனி உங்கள் அத்தை. என் கூடப்பிறந்தவள், எனக்கு எட்டு வயது இளையவள். இந்த லிங்கராஜபுரத்து வீட்டில் நம்மோடு இருந்துகொண்டு கம்மனஹள்ளியில் ஒரு பியூட்டி பார்லருக்கு வேலைக்குப் போனாள். தலைக்கு எண்ணெய் மசாஜ் பண்ணுவதில் அவளுக்கு மேல் ஆள் கிடையாது. அவள் கை பட்டால் பெண்கள் நாற்காலியிலேயே குறட்டை விடுவார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பார்லர் ஓனரம்மா கன்னடத்துக்காரி. ஆயுத பூஜைக்கு இரண்டாவது கடை திறக்கப் போவதாகவும், அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அத்தையிடம் சொல்லியிருந்தாள். கடைக்கு மேலேயே ஒரு அறை. அதிலேயே தங்கிக்கொள்ளலாம்.

அந்த அறையைப் பற்றி அத்தை எத்தனை தரம் பேசியிருப்பாள்! ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை, படுக்கையை எந்தப் பக்கம் போடுவது. இந்த வீட்டில் அவள் படுத்தது எங்கே என்று ஞாபகம் இருக்கிறதா? ஹாலில், டிவிக்குக் கீழே. நான் நியூஸ் பார்த்து முடிக்கிற வரைக்கும் அவளால் பாய் போட முடியாது. அதனால் அந்த அறை அவளுக்கு வெறும் அறை இல்லை.

மே மாதம் அவள் கழுத்தில் வெள்ளையாக நாலைந்து புள்ளி வந்தது. உளுந்து அளவு. ஜூனில் ஓனரம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"சிப்புன்னு சொன்னாங்கணா" என்றாள் அத்தை, வீட்டுக்கு வந்ததும். தேமலுக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். "ஓப்பனிங்குக்குள்ள போயிடணுமாம். கஸ்டமருங்க என் கையப் பாக்க மாட்டாங்களாம், கழுத்தத்தான் பாப்பாங்களாம். நாளைக்கு லீவு போட்டுட்டு ஒரு ஸ்கின் டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்துடறேனே?"

"நான் எங்க வேல செய்றேன்?" என்றேன். "நான் பாக்காத தேமலா? காஞ்ச தோலு. அவ்ளோதான்."

"உங்க லேப்ல இதுக்கு என்னணா பண்ணுவீங்க?"

"ஒலிவ எண்ணெ ஊத்துவோம்."

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. தேமல் என்றால் எண்ணெய் என்று ஒன்பது வருஷமாகக் கை பழகியிருந்தது. கைக்குப் பழகியதை நான் அறிவு என்று நினைத்துக்கொண்டேன். அவளும் நம்பினாள். அண்ணன் லேப்பில் இருக்கிறானே!

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்கினோம். ஜெபித்த எண்ணெயை நானே அவள் கழுத்தில் தேய்த்தேன். ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில் சோப்புப் போடாதே, தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொள் என்றேன். வாரத்துக்கு ஒரு நாள் என்பது தினமும் ஆனது; வெள்ளிக்கிழமை நான் பூசுவேன், மற்ற நாள் அவளே பூசிக்கொள்வாள். உளுந்து கடலையானது. கடலை ஒன்றோடொன்று ஒட்டி அப்பளமானது. ஜூலையில் தோளுக்கு இறங்கியது, ஆகஸ்டில் முதுகுக்கும் மார்புக்கும். பார்லருக்குத் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனாள். மழைக்காலம், பெங்களூர் குளிர், அதனால் யாரும் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் துப்பட்டாவுக்குள்ளே எண்ணெயும் வேர்வையும் புழுங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவளுக்குத் தனி டவல், தனி சோப்பு என்று ஆயிற்று. உங்கள் அம்மா சொல்லித்தான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவளுடைய டம்ளர் நம்முடையதோடு கலந்துவிடாமல் இருக்க அடையாளம் வைத்தவன் நான். அவள் பார்லர் பையிலிருந்தே சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, டம்ளரின் அடியில் ஒரு பொட்டு வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ரெண்டாவது கோட்டு குடுங்கணா, இல்லாட்டி உரிஞ்சிடும்" என்றாள்.

நான் இரண்டாவது கோட்டும் கொடுத்தேன்.

சின்னவனே, உனக்கு அப்போது ஆறு வயது. ஒரு நாள் நீ அவள் முதுகைப் பார்த்துவிட்டு, "அத்த, நீ புள்ளிமான்!" என்றாய். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவள் தலையில் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி வைத்துக்கொண்டு ஹாலில் துள்ளிக் காட்டினாள். நீ அவள் மேல் தாவி ஏறப் போனாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன், "ஒட்டிக்கும்டா" என்று. அவள் கொம்பை எடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். இதற்கு நீ வருத்தப்படாதே. நீ சொன்னதில் தப்பே இல்லை.

ஆகஸ்டு கடைசி வெள்ளி. கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நம் குழுவை நடத்துகிற அக்கா, வயதில் மூத்தவர், அத்தையை நடுவில் உட்கார வைத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எண்ணெ பொய் சொல்லாதும்மா. மூணு மாசமாப் பூசுறோம். போறதுக்குப் பதிலாப் பெருகுது. நீ எதையோ உள்ள வெச்சிருக்க. சொல்லிடு."

"ஒண்ணும் இல்லக்கா."

"மனசத் தொறந்து சொல்லு."

அத்தை என்னைப் பார்த்தாள். அண்ணன் ஏதாவது சொல்லி நிறுத்துவான் என்று பார்த்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்லர்ல என்னெல்லாம் நடக்குதுன்னு சொல்லு. யார் யாரைத் தொடற, யாரோட பேசற, எல்லாம் சொல்லு."

"பேன் இருக்கற தலையெல்லாம் தொடறேன்" என்றாள். "அது பாவத்துல சேருமாணா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எழுந்து போய் அவள் பிடரியில் கை வைத்து, நெற்றி தரையில் படுகிற மாதிரி அழுத்தினேன். "மண்டி போடு. கேலியா உனக்கு?" எண்ணெய்ப் பிசுக்கில் என் கை வழுக்கியது. மறுபடியும் பிடித்து அழுத்தினேன். எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இருவரும் அறைக் கதவோரம் நின்று பார்த்தீர்கள். பெரியவளே, அன்றைக்கு ராத்திரி உனக்குக் காய்ச்சல் வந்தது. உனக்கும் எண்ணெய்தான் தடவினேன்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை லேப்பில் ஒலிவ எண்ணெய் தீர்ந்துவிட்டது. புதுப் பாட்டில் வரவில்லை. தட்டுகள் காத்துக்கிடந்தன. நான் மேடத்திடம் போய், "தேங்கா எண்ணெ ஊத்தட்டுமா மேடம்?" என்று கேட்டேன்.

மேடம் மைசூர்க்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், நடுநடுவே கன்னடம் வரும். சிரித்தார். "ஊத்தப்பா. அது அதையும் விடாது, தின்னும்."

"தின்னுமா?"

"ஏனப்பா, ஒம்போது வருஷமா ஊத்தறே, தெரியாதா? எண்ணெதான் அதுக்குச் சாப்பாடு."

அன்றைக்கு வேலை குறைவு. பேனாவை மூடி வைத்துவிட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்குப் புரிந்த அளவுக்கு உங்களுக்குச் சொல்கிறேன். எல்லா உயிருக்கும் கொழுப்பு அமிலம் என்று ஒன்று வேண்டும். உடம்பின் ஒவ்வொரு அணுவுக்கும் சுற்றுச்சுவர் கட்ட அதுதான் செங்கல். நாம் சாப்பிடும் சோற்றிலிருந்தே நம் உடம்பு அதைச் செய்துகொள்ளும். மற்றப் பூஞ்சைகளும் செய்துகொள்ளும். தேமல் பூஞ்சைக்கு மட்டும் அந்தச் சமையல் மறந்துபோய்விட்டது.

"சோறாக்கத் தெரியாத ஆளு மாதிரி" என்றார் மேடம். "அதனால எங்க எண்ணெ ஊறுதோ அங்க குடித்தனம் பண்ணும். தலை, கழுத்து, முதுகு, மார்பு. ஒரு ரசத்தக் கக்கி எண்ணெய வெட்டும். வெட்டினா கொழுப்பு அமிலம் தனியா வரும். வேண்டியத உள்ள இழுத்துக்கும், வேண்டாதத வெளிய விட்டுடும். அந்த மிச்சத்தாலதான் நம்ம தோலு நெறம் போடறது நின்னு போகுதுன்னு சொல்றாங்க. அதான் அந்த வெள்ளை. கொத்தாயித்தா?"

புரிந்தது என்று தலையாட்டினேன்.

"பயப்படற வியாதி இல்ல. அந்தப் பூஞ்சை எல்லார் மேலயும் இருக்கு. உன் கழுத்துல இருக்கு, என் தலையில இருக்கு. அது பாட்டுக்கு உருண்டையா, சின்னதா இருந்துட்டுப் போகும். சூடு, வேர்வை, எண்ணெ எல்லாம் சேந்து கெடச்சா நூலு விட ஆரம்பிக்கும். நூலு விட்டாத்தான் தேமல்."

"அப்போ... தேமல் மேலயே எண்ணெ தடவினா மேடம்?"

"யாரு தடவுவா? பந்தி போட்டுப் பரிமாறின மாதிரி இல்ல ஆகும்!"

மருந்து என்ன என்று கேட்டேன். ஒரு ஷாம்பு. பூசி, கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவ வேண்டும், சில நாளைக்கு. பூஞ்சை செத்துவிடும். "ஆனா வெள்ளை உடனே போகாது. நெறம் திரும்ப சில மாசம் ஆகும்" என்றார்.

ஆயுத பூஜைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஜூனில் அவள் கேட்ட அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பியிருந்தால், அந்த வெள்ளை இந்நேரம் பெரும்பாலும் மறைந்திருக்கும். இந்தக் கணக்கு மட்டும் எனக்குத் தப்பாமல் வந்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றேன். ஷாம்புவின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். உள்ளே போகவில்லை. வாங்கிக்கொண்டு போனால் ஏன் என்று கேட்பாள். சொல்ல வேண்டும். சொன்னால் அவளோடு நிற்காது. தெருவுக்குத் தெரியும், ஜெபக் குழுவுக்குத் தெரியும். லேப்பில் பூஞ்சையை வளர்க்கிற எண்ணெயை எடுத்து வந்து தங்கச்சி முதுகில் பூஞ்சை வளர்த்தவன் என்பார்கள். இத்தனை வருஷமாக நான் கொண்டுவந்த எண்ணெயை நினைத்துச் சிரிப்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று காகிதத்தைப் பைக்குள் வைத்தேன். புதன் போயிற்று. வியாழன் போயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. எல்லாரும் வந்தார்கள். பாட்டில் நடுவில் இருந்தது. அக்கா, "பூசுங்க தம்பி" என்றார். அத்தை துப்பட்டாவை எடுத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் அழுத்திப் பிடித்த அதே கழுத்து. நான் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினேன். பந்தி, பந்தி என்று மேடத்தின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்த இடத்தையும் விடாமல் பூசினேன். மற்ற நாளைவிடக் கவனமாகவே பூசினேன். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் இல்லையா?

பிள்ளைகளே, ஜூனில் செய்தது மடத்தனம். அதை மன்னிக்கிறவர்கள் இருப்பார்கள். இந்த வெள்ளிக்கிழமையை என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வாரம் வெள்ளி, மத்தியான நேரம். லேப் ஜன்னலில் சாம்பிள் வாங்குவது என் வேலை. வெளி நோயாளிப் பிரிவில் மேடம் செல்லோடேப்பை நோயாளியின் தோலில் ஒட்டி எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, சுரண்டிய தோலையும் ஒரு காகிதத்தில் மடித்து, சீட்டோடு கொடுத்தனுப்புவார். ஜன்னல் வழியே ஒரு கை நீண்டது. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. எண்ணெயில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வழவழப்பாக இருந்தது. கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"நான்தான்" என்றாள். "வேற எடத்துல காசு ஜாஸ்தி. உங்களுக்குத் தெரிய வேணாம்னு லஞ்ச் டைமாப் பாத்து வந்தேன். இப்பவும் நீங்கதான் இருக்கீங்க. வாங்கிக்கோங்க."

வாங்கினேன். டெக்னீஷியன் பெண்ணுக்கு அவள் என் தங்கை என்று தெரியாது. தோலைத் தட்டில் தடவிவிட்டு என் பக்கம் தள்ளினாள். "அண்ணா, எண்ணெ ஊத்துங்க. கொழந்த பசியோட இருக்கு."

நான் புதுப் பாட்டிலை எடுத்தேன். ஜன்னல் வழியே உங்கள் அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை நடுவில் வைக்கிற அதே மாதிரிப் பாட்டில், அதே பச்சை மூடி. ஊற்றினேன்.

"எதுக்கு எண்ணெ?" என்றாள்.

என்னைத்தான் கேட்டாள். நான் தட்டை மூடினேன்.

டெக்னீஷியன் பெண் சந்தோஷமாகப் பதில் சொன்னாள். "அது இல்லாட்டி வளராதுக்கா. உங்க தேமலு பூரா எண்ணெயத் தின்னுதான் பொழைக்குது. உள்ள வாங்க, காட்டறேன்." செல்லோடேப்பில் நீல மையை விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். "பாருங்க, சேமியா ஜவ்வரிசிப் பாயசம் மாதிரி இல்ல? உருண்டையா இருக்கறது ஜவ்வரிசி. நூலு நூலா இருக்கறது சேமியா. அப்பா! என்ன இது, காடு மாதிரி வளந்திருக்கு. எண்ணெ கிண்ணெ தடவுனீங்களா?"

அத்தை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே, "தடவி விட்டாங்க" என்றாள்.

"எந்த மேதாவி?"

அத்தை மைக்ராஸ்கோப்பை விட்டு நிமிர்ந்தாள். சொல்லியிருக்கலாம். நான் மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன், பாட்டிலைக் கையில் பிடித்தபடி. ஒரு விரலை நீட்டினால் போதும். நான் எதற்குப் பயந்து உண்மையை மறைத்து அவளுக்கு எண்ணெய் பூசினேனோ, அதை அவள் எனக்குச் செய்யவில்லை.

வராந்தாவில் அவளுக்குப் பின்னால் ஓடினேன். லிப்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இது உங்களுக்கு எத்தன நாளாத் தெரியும்ணா?"

இப்போதுதான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். ஆனால் வாய் வேறு மாதிரி சொல்லிவிட்டது. "பத்து நாளா."

அவள் விரல் மடக்கி எண்ணினாள். "நடுவுல ஒரு வெள்ளிக்கெழம வந்துச்சே" என்றாள்.

லிப்டு வந்தது, போய்விட்டாள்.

ஷாம்பு இரண்டு வாரத்தில் பூஞ்சையைக் கொன்றுவிட்டது. வெள்ளை அப்படியே இருந்தது. தொட்டால் நல்ல தோல், பார்த்தால் வெள்ளை. ஓனரம்மாவிடம் டாக்டர் சீட்டைக் காட்டியிருக்கிறாள், வியாதி போய்விட்டது, நிறம்தான் வர வேண்டும் என்று. "கஸ்டமருக்கு நானு சீட்டு காட்ட ஆகுமா?" என்று கேட்டாளாம் ஓனரம்மா. ஆயுத பூஜை அன்று புதுக் கடையில் வேறொரு பெண் ரிப்பன் வெட்டினாள். மேல் அறையும் அவளுக்குத்தான். பழைய கடையில் உங்கள் அத்தையைத் தலை மசாஜிலிருந்து எடுத்து, துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். நாலு நாள் போனாள். ஐந்தாம் நாள் பெட்டியைக் கட்டிவிட்டாள். பீன்யாவில் மருந்து டப்பாவுக்கு லேபிள் ஒட்டும் கம்பெனி, பெண்கள் ஹாஸ்டலில் எட்டுப் பேருக்கு ஒரு அறை.

அவள் போகிற அன்று உங்கள் அம்மா அழுதாள். நான் ஆட்டோ கூப்பிட்டேன். தன் சாமான்களோடு அந்தச் சிவப்புப் பொட்டு வைத்த டம்ளரையும் எடுத்துத் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். "அது எதுக்கு?" என்றேன். "என்னுதுன்னு அடையாளம் போட்டுக் குடுத்தது இந்த வீட்டுல இது ஒண்ணுதானேணா" என்றாள். சண்டைக் குரலில் சொல்லவில்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அந்த வெள்ளி ஜெபக் கூட்டத்தில் அக்கா, "விசுவாசம் பத்தலப்பா அந்தப் பிள்ளைக்கு" என்றார். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். நானும் சொன்னேன். அதற்குப் பிறகு நான் எண்ணெய் கொண்டுவருவதில்லை. லேப்பில் இப்போது தருவதில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் பொய்தான். அவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்த ஜனவரியில் பீன்யாவுக்குப் போனேன். நீங்கள் கேட்ட கேள்விதான் என்னை அனுப்பியது. ஷிப்டு விடும் நேரம், கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அவள் கழுத்தில் துப்பட்டா இல்லை. கழுத்து சுத்தமாக இருந்தது, அடையாளமே இல்லை. மூன்று வருஷம் ஆகிவிட்டதே! என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். வந்தாள். அவளே இரண்டு டீ சொன்னாள்.

"பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"

"உன்னத்தான் கேக்கறாங்க. வீட்டுக்கு வாம்மா. ஒரு நாளாவது."

அவள் டீயை ஊதிக் குடித்தாள். "எதுக்குணா? எண்ணெ வெக்கவா?"

பக்கத்தில் இருந்த அவள் தோழிகள் என்னமோ அண்ணன் தங்கை விளையாட்டுப் பேச்சு என்று சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது? பஸ் வந்தது. கிளாஸைக் கழுவும் தொட்டியில் போடாமல், குழாயில் தானே கழுவிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நம் வீட்டில் பழகிய பழக்கம்.

அடுத்த நாள் சனிக்கிழமை. லேப்பில் அரை நாள்தான். டெக்னீஷியன் பெண் கிளம்பிவிட்டாள், மேடம் வரவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டுச் சட்டைக் காலரைத் தளர்த்தினேன். என் கழுத்தில் தேமல் கிடையாது, எப்போதும் வந்ததில்லை. ஒரு துண்டு செல்லோடேப்பை வெட்டிப் பிடரியில் ஒட்டி, நன்றாக அழுத்தி, உரித்து எடுத்தேன். கண்ணாடியில் ஒட்டி நீல மை விட்டேன். ஒன்பது வருஷமும் அதற்குப் பிறகு மூன்று வருஷமும் அந்த மைக்ராஸ்கோப்பைத் துடைத்திருக்கிறேனே தவிர, அதற்குள் பார்த்ததில்லை. திருகைத் திருப்பித் திருப்பி வெகு நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது, என் கழுத்திலும் இருக்கிறது என்று மேடம் சொன்னது. சேமியா இல்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக, உருண்டையாக, நீலமாக, ஜவ்வரிசி மட்டும் இருந்தது.

எத்தனை என்று எண்ணினேன். கண்ணாடியை எடுத்து, மற்ற நோயாளிகளின் கண்ணாடிகள் கிடக்கிற மருந்துத் தண்ணீர் ஜாடியில் போட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.